வெளிச்சம் போதாது

அண்மையில் வெள்ளவத்தையில் நடைபெற்ற திருமண வரவேற்பொன்றில் பத்திரிகைத்துறை நண்பர் ஒருவருக்கு அருகில் அமர்ந்திருந்தேன். அவருக்கு வயது 45 இருக்கலாம். கைத்தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியொன்றை வாசிப்பதற்காக அதை முதலில் முகத்துக்கு அருகே கொண்டுவந்தார்; பிறகு சற்று விலக்கினார்; இறுதியில் கையை முழுமையாக நீட்டித் தலையையும் பின்னால் சாய்த்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்ததும், "மண்டபத்தில வெளிச்சம் போதாது அண்ணை" என்றார். வீடியோ படப்பிடிப்பாளரின் விளக்குகள் எங்கள் கண்களைக் கூசவைத்துக்கொண்டிருந்த வேளை அது.

அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பழக்கமானது. நாற்பத்திரண்டாவது வயதிலிருந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அதை நான் ஆசிரியபீடத்தில் நாளாந்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். குழல் விளக்கை மாற்றித்தருமாறு நிர்வாகத்துக்குக் கடிதம்கூட எழுதினேன். விளக்கை மாற்றினார்கள். எழுத்துக்கள் மாறவில்லை.

எமது முன்னோருக்கு இந்தச் சங்கடம் தெரிந்தே இருந்தது. கிட்டத்தில் உள்ள எழுத்து வெளிறித் தெரியும் இந்த நிலைக்கு 'வெள்ளெழுத்து' என்று அழகான பெயரொன்றைத் தந்திருக்கிறார்கள். 'சாளேசரம்' என்ற இன்னொரு சொல்லும் உண்டு. அது நாற்பது என்று பொருள்படும் வடபுலச் சொல்லிலிருந்து வந்ததாக அகராதிகள் கூறுகின்றன. வயதே நோயின் பெயராகிவிட்டது. ஆனால், கண்ணுக்குப் பெயர் சூட்டியவர்கள் அந்த வயதுக்குப் பெயர் சூட்டவில்லை என்பதுதான் விசித்திரம். உலா இலக்கியங்கள் பெண்ணின் வாழ்க்கையைப் பேதை தொடக்கம் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களாக வகுக்கின்றன. ஏழாவது பருவம் நாற்பது வயதுடன் முடிவடைந்துவிடுகிறது. அதற்கப்பால் புலவர்களுக்கு அக்கறை இல்லை. ஆண்களுக்கோ, 'நாற்பது வயதில் நாய்க்குணம்' என்ற பழமொழியை மாத்திரம் விட்டுச்சென்றிருக்கிறார்கள். இளமைக்கும் முதுமைக்கும் இடையில் ஒரு மனிதன் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளைக் கழிக்கிறான்; அந்த ஆண்டுகளில் அவனது உடலிலும் மூளையிலும் என்ன நடைபெறுகிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. பேசாமல் விடுவதனால் யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நான் அறிந்த ஒரு நட்டத்தைப் பற்றி இங்கு எழுதவேண்டியிருக்கிறது. அதற்கு நானே பொறுப்பு.

1999 ஆம் ஆண்டு. எனக்கு 44 வயது. நான் பணியாற்றிய பத்திரிகையில் இரவுப் பதிப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். பக்கங்கள் அச்சுக்குப் போவதற்கு முன்னர் இறுதிப் பிரதியின் மூலையில் எனது கையெழுத்து இருக்கவேண்டும். மரண அறிவித்தல் பக்கமும் அதில் அடங்கும். தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு அந்தப் பக்கத்தின் முக்கியத்துவத்தை நான் விளக்கத் தேவையில்லை. அரசாங்கம் கவிழ்ந்த செய்தியில் பிழை வந்தாலும் மன்னிப்பார்கள், மரண அறிவித்தலில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் மன்னிக்கமாட்டார்கள். விளம்பரக் கட்டணம் இடத்தின் அளவைப் பொறுத்தது என்பதால் உறவினர் பட்டியல் எப்போதும் பொடி எழுத்திலேயே நெருக்கப்பட்டிருக்கும்.

அன்றைய தினம் ஓர் அம்மையாரின் மரண அறிவித்தல். அவருக்கு மூன்று சகோதரர்கள். மூத்தவர் மாத்திரம் முன்னரே இறந்துவிட்டார். எனவே குடும்பத்தினர் தந்த கையெழுத்துப் பிரதியில் மூத்தவரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. அச்சில் வந்ததோ 'காலஞ்சென்றவர்களான' என்று. ஐந்து எழுத்துக்கள் கூடுதலாகச் சேர்ந்ததில் உயிரோடிருந்த இரண்டு சகோதரர்களும் இறந்துபோனார்கள். கணினியில் எழுத்துக் கோத்தவர் பழக்கதோஷத்தால் அவ்வாறு தட்டிவிட்டார். ஒப்புநோக்கிய இளைஞர் அதைத் தவறவிட்டார். கடைசியாகப் பார்த்தவன் நான். பிரதியின் மூலையில் என் கையெழுத்து இருந்தது.

மறுநாள் காலை பத்து மணியளவில் கொட்டாஞ்சேனையிலிருந்து அந்தச் சகோதரர்களில் ஒருவர் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. "தம்பி, நான் எப்ப செத்தனான் எண்டு உங்களிட்டைத் தேதியைக் கேட்டுக்கொண்டு போக வந்தனான்" என்றார். அவர் நித்திரையால் எழும்புவதற்கு முன்னரே அவருடைய மனைவிக்கு மூன்று பேர் தொலைபேசியில் துக்கம் விசாரித்திருந்தார்கள். அக்கா இறந்த வீட்டில் அழுதுகொண்டிருந்தவர், தான் உயிரோடிருப்பதை நிரூபிப்பதற்காகப் பஸ் ஏறி வரவேண்டியதாயிற்று.

நிர்வாகம் ஒப்புநோக்கிய இளைஞரை அழைத்தது. எச்சரிக்கைக் கடிதமும் ஒரு வாரச் சம்பளவெட்டும் கிடைத்தன. அந்த விசாரணை நடந்தபோது நானும் அதே அறையில் இருந்தேன். என்னிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. இருபது வருட அனுபவமுள்ளவர், எழுத்துப்பிழை விடாதவர் என்று பெயரெடுத்தவர் அல்லவா? அந்தப் பொடி எழுத்தை நான் வாசிக்கவேயில்லை. அது எனக்குச் சாம்பல் நிறக் கோடுகளாகத்தான் தெரிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் இரவுப் பதிப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

கண்ணில் நடப்பது மர்மமான விடயமல்ல. கண் வில்லை வயதோடு தடித்துக்கொண்டும் இறுகிக்கொண்டும் வருகிறது. சிறு பிள்ளையொன்று மூக்குக்கு அருகில், பத்து சென்ரிமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் புத்தகத்தைப் பிடித்து வாசித்துவிடும். ஐம்பது வயதில் அந்தத் தூரம் நாற்பது சென்ரிமீற்றரையோ அதற்கு மேலையோ எட்டிவிடுகிறது. வில்லை வளைய மறுப்பதே காரணம். பணக்காரன், ஏழை, படித்தவன், பாமரன் என்ற வேறுபாடின்றி நாற்பதுகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் இது வந்தே தீரும். பரிகாரம் ஒரு சோடி மலிவான கண்ணாடி. இவ்வளவு பொதுவானதும் இவ்வளவு இலகுவில் தீரக்கூடியதுமான ஒரு குறையை மறைப்பதற்கு நான் மூன்று ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறேன்.

ஆனால், வாசிக்க முடியாத ஒருவன் மூன்று ஆண்டுகள் எவ்வாறு பிடிபடாமல் இருந்தான்? இந்தக் கேள்விக்கான விடை எனக்கு நீண்டகாலம் தெரியாதிருந்தது. 1984 இல் அமெரிக்க உளவியலாளர் திமோத்தி சோல்ற்ஹவுஸ் வெளியிட்ட ஆய்வொன்றைப் பற்றிப் பின்னர் வாசித்தபோதுதான் விளங்கியது. 19 வயதிலிருந்து 72 வயது வரையான தட்டெழுத்தாளர்களை அவர் பரிசோதித்தார். விரலை அழுத்தும் எளிய சோதனைகளில் வயது கூடியவர்கள் தாமதமாகவே இயங்கினார்கள். ஆனால், தட்டெழுத்து வேகத்தில் அவர்கள் இளையவர்களுக்குச் சளைக்கவில்லை. காரணம், விரல் ஒரு சொல்லைத் தட்டிக்கொண்டிருக்கையில் அவர்களது கண் அடுத்தடுத்த எழுத்துக்களை நோக்கி முன்னே போய்விடுகிறது. முன்னால் உள்ள எழுத்துக்களை மறைத்துவிட்டபோது அவர்களது வேகமே இளையவர்களுடையதைக் காட்டிலும் அதிகம் பாதிக்கப்பட்டது. கை இழந்ததை அனுபவம் ஈடுசெய்துகொண்டிருந்திருக்கிறது.

நான் செய்ததும் அதுவேதான். ஈயத்தில் எழுத்துக் கோத்த காலத்திலிருந்து ஆயிரக்கணக்கான மரண அறிவித்தல்களைப் பார்த்தவனுக்கு, 'அன்னார்' என்ற சொல்லைக் கண்டால் அடுத்த பத்து வரிகளும் மனதில் தாமாகவே ஓடும். கண் காணாததை மூளை எழுதிக்கொடுத்தது. நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது தடவை அது சரியாகவே எழுதியது. நடுத்தர வயதின் ஆபத்து இதில்தான் இருக்கிறது என்பது எனது எண்ணம். குறைபாடு ஆபத்தானதல்ல, குறைபாட்டை அனுபவம் அவ்வளவு நேர்த்தியாக மூடிவிடுகிறது என்பதே ஆபத்து. மற்றவர்களுக்கு மாத்திரமல்ல, எமக்கே தெரியாதவாறு மூடிவிடுகிறது.

கண்ணோடு விடயம் முடிந்துவிடவில்லை. ஐம்பதை அண்மித்தபோது பெயர்கள் நழுவத்தொடங்கின. செய்தியாளர் மாநாட்டில் எழுந்து கேள்வி கேட்பேன். பத்து வருடங்களாகப் பழகிய அமைச்சரின் பெயர் வாயில் வராது. 'கௌரவ அமைச்சர் அவர்களே' என்ற மரியாதைச் சொல் என்னைப் பல தடவைகள் காப்பாற்றியிருக்கிறது. (எமது அரசியல் பண்பாட்டில் பட்டங்கள் இவ்வளவு மலிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்று நான் சந்தேகிப்பதுண்டு.) மனிதர்களின் பெயர் மாத்திரம் ஏன் இவ்வாறு நழுவுகிறது என்பதற்கு 1987 இல் பிரிட்டனில் செய்யப்பட்ட எளிமையான பரிசோதனையொன்று விளக்கம் தருகிறது. ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது ஒரு குடும்பப் பெயர். பாண் சுடுபவரைக் குறிக்கும் சொல்லும் அதுவே. ஒரு முகத்தைக் காட்டி இவர் பெயர் பேக்கர் என்றால் மறந்துவிடுகிறார்கள். இவர் பேக்கராகத் தொழில் செய்பவர் என்றால் நினைவில் வைத்திருக்கிறார்கள். தொழிலோடு போறணையும் மாவும் மணமும் சேர்ந்து வருகின்றன. பெயரோ ஒற்றை நூலில் தொங்குகிறது. வயது ஏற ஏற முதலில் அறுவது அந்த நூல்தான். சொல் நாக்கின் நுனியில் வந்து நிற்கும் இந்த அவஸ்தை வயதோடு கூடுகிறது என்பதையும், அதில் மனிதப் பெயர்களே முன்னிற்கின்றன என்பதையும் டெபோரா பேர்க்கும் சகாக்களும் 1991 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

அதன் பிறகு காது. உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளே முதலில் போகின்றன. ஆட்கள் பேசுவது கேட்கும், ஆனால் சொற்களின் ஓரங்கள் தேய்ந்திருக்கும். பேரப்பிள்ளைகளின் பேச்சு விளங்காதபோது, 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் தெளிவாகப் பேசுவதில்லை' என்று சொல்லிவிடுவது இலகுவானது. வெளிச்சம் போதாது என்பதன் மறுபதிப்பு இது. முழங்காலையும் இடுப்பையும் பற்றி எழுதி வாசகர்களைச் சலிப்படையச் செய்யப்போவதில்லை; அவற்றை எவரும் மறைப்பதில்லை, மாறாக மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

மூளையைப் பொறுத்தவரை ஆராய்ச்சியாளர்கள் மத்தியிலேயே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1956 ஆம் ஆண்டு வோர்ணர் ஷாய் தொடங்கிய ஆய்வு, ஏழு ஆண்டுகளுக்கு ஒரு தடவை அதே மனிதர்களைத் தேடிச்சென்று பரிசோதித்துப் பல தசாப்தங்கள் நீடித்தது. சொல்லாற்றல், தர்க்கரீதியாகச் சிந்திக்கும் திறன் ஆகியவை இருபதுகளில் அல்ல, நடுத்தர வயதிலேயே உச்சத்தைத் தொடுகின்றன என்று அது கூறியது. பார்த்தவுடன் இனங்காணும் வேகம் மாத்திரம் இளமையிலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. ஆனால், இலண்டன் அரசாங்க ஊழியர்களைத் தொடர்ந்து அவதானித்துவந்த வைட்ஹோல் ஆய்வின் பெறுபேறுகள் 2012 இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியானபோது வேறு கதை சொன்னது. 45 முதல் 49 வயது வரையானவர்களிலேயே பத்து ஆண்டுகளில் தர்க்கத் திறன் 3.6 சதவீதத்தினால் குறைந்திருந்தது. ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இருக்கவில்லை. சொல்வளம் மட்டும் குறையவில்லை. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் தகுதியானவனல்ல. ஆனால், சொல் தங்குகிறது, வேகம் போகிறது என்பதில் இரண்டும் உடன்படுவதாகவே எனக்குப் படுகிறது. பத்திரிகைக்காரனுக்கு அது பாதி நல்ல செய்தி.

இவையெல்லாம் ஆண்களின் கதை. எங்கள் ஆசிரியபீடத்தில் பெண் சகபாடி ஒருவர் இருந்தார். வாரமலர்ப் பக்கங்களை அவரைப் போன்று செம்மையாக்க எவராலும் முடியாது. ஐம்பதை அண்மித்த காலத்தில், குளிரூட்டப்பட்ட அறையில் இருந்துகொண்டே திடீரென முகம் சிவந்து வியர்த்துப்போவார். மேசையில் சிறிய மின்விசிறியொன்றை வைத்துக்கொண்டார். அதைப் பற்றி ஆண்கள் பகிடிவிட்டார்கள். நானும் சிரித்தவர்களில் ஒருவன். இரவில் நித்திரையில்லை, எழுதிய தலைப்பையே மறந்துவிடுகிறேன், இனி இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று சொல்லி 51 வயதில் விலகிக்கொண்டார். எவரும் தடுக்கவில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஹோர்மோன் குறைவதனால் உடலின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுகிறது, நித்திரையும் ஞாபகமும் அதனால் பாதிக்கப்படுகின்றன என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அமெரிக்காவில் பெரும் எண்ணிக்கையான பெண்களைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று, அந்த இடைமாறு காலத்தில் புதியவற்றைக் கற்கும் திறன் மந்தமடைந்தாலும் அக்காலம் கடந்ததும் அது மீண்டுவிடுகிறது என்று 2009 இல் கூறியது. கடந்துபோகக்கூடிய ஒரு பருவத்தை நிரந்தரம் என்று நம்பி அவர் போய்விட்டார். பத்து ஆண்டுகள் அவரது பேனா எமக்குக் கிடைத்திருக்கும். அந்த அறையில் எவரேனும் ஒருவர் வாய் திறந்து பேசியிருந்தால் போதும்.

வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறைக்கு இந்தப் பருவமே கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது 42 வயதாயிருந்த என் உறவினரான ஆசிரியர் ஒருவர், 'எனக்குக் கண் எப்ப மங்கினதெண்டு தெரியாது தம்பி, அப்ப பாக்கிறதுக்கு ஒண்டும் நல்லதா இருக்கேல்லை' என்று ஒரு தடவை சொன்னார். அவரது நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டபோது அது எத்தனை ஆண்டுகளாக இருந்தது என்று வைத்தியர்களால் கூறமுடியவில்லை.

எமது சட்டங்கள் நடுத்தர வயதை எவ்வாறு பார்க்கின்றன? ஊழியர் சேமலாப நிதியை ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் பெற்றுக்கொள்ளலாம். நீண்டகாலம் தனியார் துறையில் பலருக்கு 55 வயதே வேலையின் எல்லையாக இருந்தது. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆகியது. அரசாங்க சேவையில் 2022 இல் அதை 65 ஆக உயர்த்தி, அந்த ஆண்டின் முடிவுடன் மீண்டும் 60 ஆகக் குறைத்தார்கள். இந்த ஏற்ற இறக்கங்கள் எல்லாம் திறைசேரியின் கணக்கை வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. கூடுதலாக வேலை செய்யப்போகிறவரின் கண்ணையும் காதையும் பற்றி ஒரு வாக்கியமேனும் அந்த விவாதங்களில் என் கண்ணில் படவில்லை. மனிதர்களை 60 வரை வேலை செய்ய வைப்பதாயின், நாற்பதில் அவர்களது கண்ணைப் பரிசோதிக்கும் கடமையும் வேலைகொள்வோருக்கு இருக்கவேண்டும் என்று நான் வாதிடுகிறேன். அது சலுகையல்ல. அச்சகத்தில் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவதை யாரும் சலுகை என்று அழைப்பதில்லை.

அரசாங்கத்தின் பக்கத்தில் வசதி இல்லாமலில்லை. 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 ஆம் ஆண்டிலிருந்து இயங்குகின்றன. 2011 இல் தொடங்கப்பட்ட சுகவாழ்வு நிலையங்களில் இரத்த அழுத்தமும் சீனியின் அளவும் இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. ஆண்களின் வரவு குறைவு என்பதே அங்குள்ளவர்களின் முறைப்பாடு. வேலைநாளில் திறந்து வேலைநாளில் மூடப்படும் நிலையத்துக்கு வேலைசெய்யும் ஆண் எப்படிப் போவான் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால், அதே ஆண் வாகன அனுமதிப்பத்திரத்துக்கு அரைநாள் லீவு போடுகிறான். 2024 இல் லான்செற் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை, முதுமையில் வரும் மறதி நோயின் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தாமதிக்கவோ கூடும் என்று மதிப்பிட்டு, பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டது. கேள்விக்குறைவு, கெட்ட கொலஸ்ட்ரோல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை நடுத்தர வயதுக்குரியவை என்று அதில் வகுக்கப்பட்டிருக்கின்றன. நாற்பதிலும் ஐம்பதிலும் வெட்கத்துக்காக ஒளித்து வைப்பவைதான் இவை.

ஒப்புநோக்கிய அந்த இளைஞர் சம்பவம் நடந்து சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். 2017 இல் நான் ரொறன்ரோவுக்குச் சென்றிருந்தபோது ஸ்காபரோவில் ஓர் உணவகத்தில் அவரைச் சந்தித்தேன். அவருக்கும் அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. அன்றைய பிழை என்னுடையது, எனக்கு எழுத்துத் தெரியவில்லை, அதை நான் மறைத்தேன் என்று பதினெட்டு ஆண்டுகள் தாமதித்துச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும் ஐயா. நீங்கள் புரூவ்வைக் கை நீட்டிப் பிடிச்சுப் பாக்கிறதைக் கண்டனான்."

"பிறகேன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் ஆர் நம்பியிருப்பினம்?" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து தனது கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எனக்கும் சேர்த்து என்ன ஓடர் செய்யலாம் என்று மெனு அட்டையை வாசிக்கத் தொடங்கினார்.